ஊசியா, குழாயா, தொட்டியா? கொழிஞ்சாம்பாறைக் காற்றில் ஒரு பிரிண்டர் கணக்கு

கார்ட்ரிட்ஜ் தீர்ந்தால் புதிது வாங்குவதா, ஊசியால் மை ஏற்றுவதா, குழாய் போட்டு வெளியே புட்டி வைப்பதா, இல்லை பிரிண்டரையே தள்ளிவிட்டு இங்க் டேங்க், அதாவது மைத்தொட்டி உள்ள பிரிண்டர் வாங்குவதா? கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதிப் பக்கம் பிரிண்டர் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. ஒரு வீட்டில் தமிழ்வழிப் பள்ளிக்கு வினாத்தாள் அச்சாகும். அடுத்த வீட்டில் வில்லேஜ் ஆபீசுக்கு மலையாள விண்ணப்பம். கேரளத் தேர்வாணையத் தேர்வைத் தமிழில் எழுதப் போகிறவர் பழைய வினாத்தாள்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருப்பார். ஆனால் யாரும் நாள் முழுக்க அச்சிடுவதில்லை. பத்து நாள் இயந்திரம் சும்மா கிடக்கும். பிறகு ஒரே இரவில் நாற்பது பக்கம் வேண்டும்.

பெரும்பாலானோர் மை விலையை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அதை இரண்டாவதாகப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. முதலில் பார்க்கவேண்டியது ஹெட் எங்கே இருக்கிறது என்பது.

மை துளியாகத் தெறிக்கும் நுண்துளைப் பகுதியைத்தான் ஹெட் என்கிறோம். எச்பி 680, 803, கேனன் 745, 746 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் அது கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டியிருக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிதாகிவிடும். எப்சன், பிரதர் பிரிண்டர்களில் ஹெட் இயந்திரத்தோடு நிலையாக இருக்கும். மாட்டிக் கழற்றுவது வெறும் மைக்கூடு. முதல் வகையில் நாம் எதைக் கெடுத்தாலும் நட்டம் ஒரு கார்ட்ரிட்ஜோடு தீர்ந்துவிடும். இரண்டாம் வகையில் ஹெட் அடைத்து நீங்காமல் போனால், மாற்றும் செலவைக் கேட்டதும் புது பிரிண்டரின் விலையை விசாரிக்கத் தோன்றும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் ஊர்கள் இவை. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இடைவிடாமல் வீசும். அதன் பின்னாலேயே வெயில் வந்துவிடும். மழைக்காற்றின் ஈரத்தில் மூன்று வாரம் சும்மா கிடந்தும் தப்பித்துக்கொள்ளும் ஹெட், தை மாதத்தில் ஒரு வாரத்திலேயே அடைத்து, அச்சில் கோடு கோடாக இடம் விடும். கடலோரக் கேரளத்தில் இருப்பவர் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம்.

இனி ஊசி. ஹெட்டோடு கூடிய கார்ட்ரிட்ஜுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. இந்த வகை ஹெட், மையை நொடியின் மிகச் சிறு பங்கில் கொதிக்கவைத்து, எழும் குமிழியின் அழுத்தத்தால் துளியை வெளியே தள்ளுகிறது. 1977இல் கேனன் ஆய்வகத்தில், மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் பட்டு மை பீறிட்டதிலிருந்துதான் இந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். ஊசிக்கும் இங்க்ஜெட்டுக்கும் உறவு பழையதுதான்.

கார்ட்ரிட்ஜின் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைக் கத்தி முனையால் தூக்கி உரித்தால், மூடியில் சிறு துளைகளும் அவற்றிலிருந்து வளைந்து நெளிந்து ஓடும் மெல்லிய காடிகளும் தெரியும். காடிகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. மை குறையக் குறையக் காற்று உள்ளே வரும் வழி அவை. வழி நீளமாக இருப்பதால் மை எளிதில் காயாது. துளையையும் காடியையும் சேர்த்துப் பசை நாடாவால் இறுக்கி மூடிவிட்டால் பத்துப் பக்கம் நன்றாக வரும், பதினொன்றாவது வெளிறும். உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளே இருக்கும் நீர் கீழே இறங்காதல்லவா, அதே கதைதான். மை முழுக்க உள்ளே இருக்கும்போதே ‘தீர்ந்துவிட்டது’ என்று தூக்கி எறியப்படும் கார்ட்ரிட்ஜ்கள் பல இப்படிப்பட்டவை.

துளை ஊசிக்குப் போதாவிட்டால் பெரிதாக்கவேண்டும். மின் துளைக்கருவி வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் துளைக்கம்பியை விரல்களால் திருகினாலே பிளாஸ்டிக் சுருள் சுருளாக வெளியே வரும். சுருளை ஊதித் தள்ளிவிடலாம். இயந்திரத்தால் துளைத்தால் தூள் உள்ளே விழும். மூன்று நிறக் கார்ட்ரிட்ஜில் எந்தத் துளை எந்த நிறம் என்பதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அதை நம்பாமல் ஒவ்வொரு துளையிலும் ஒரு பல்குச்சியை விட்டு எடுங்கள். குச்சியின் நுனி உண்மையைச் சொல்லிவிடும்.

உள்ளே இருப்பது பஞ்சு. ஊசியைப் பஞ்சின் நடுவரை இறக்கி, அரை மில்லி அரை மில்லியாக, அவசரமில்லாமல் ஏற்றவேண்டும். வேகமாக அழுத்தினால் பஞ்சுக்குள் காற்றுப் பை உருவாகும். அடுத்த அறைக்கும் நிறம் கசியும். மை துளையின் விளிம்பில் பளபளத்தால் நிறுத்தி, கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சிவிடுங்கள். பஞ்சு முழுக்க ஊறிவிட்டால் மையைப் பிடித்துவைக்கும் இழுவிசை போய்விடும், ஹெட்டிலிருந்து சொட்டும். பிறகு நான்காக மடித்த டிஷ்யூவின் மேல் ஹெட்டை மெல்ல ஒற்றினால் மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று பட்டைகள் தனித்தனியே பதியவேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து பழுப்பானால் தெளியும்வரை மறுபடி ஒற்றவேண்டும். ஒரு பட்டை வரவே இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணிமேல் ஹெட்டைச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள்.

மங்கத் தொடங்கியதும் நிறுத்தி மை ஏற்றுவது இதில் முக்கியம். வெப்பத்தால் இயங்கும் ஹெட்டுக்கு மைதான் குளிர்ச்சி. ‘இன்னும் இரண்டு பக்கம்’ என்று வறட்டு ஓட்டம் ஓட்டினால் உள்ளே இருக்கும் சூடேற்றிகள் கருகும்; பிறகு எவ்வளவு மை ஊற்றினாலும் உயிர் வராது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு கார்ட்ரிட்ஜ் ஐந்தாறு முறையாவது தாங்கும்.

மை ஏற்றிய பிறகும் பிரிண்டர் ‘மை இல்லை’ என்றே சொல்லும். கார்ட்ரிட்ஜில் இருப்பது துளிகளை எண்ணிக் கழிக்கும் கணக்கு; மையை அளந்து பார்க்கும் கருவி அல்ல. கேனனில் ஸ்டாப் பட்டனை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் எச்சரிக்கை அடங்கும். எச்பியில் எச்சரிக்கையை ஒத்துக்கொண்டு மேலே போகலாம். எச்பி 2016 முதல் தன்னுடையதல்லாத சிப் கொண்ட கார்ட்ரிட்ஜ்களை மென்பொருள் மாற்றத்தின் வழியே பல மாடல்களில் மறுத்துவருகிறது. அதனால் மலிவான வெளிக் கார்ட்ரிட்ஜ் வாங்குவது சூதாட்டம். அசல் கார்ட்ரிட்ஜிலேயே மை ஏற்றினால் சிப்பும் அசலாகவே இருக்கும். ஊசிக்கு இது இன்னொரு மதிப்பெண். புது கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலையில் நான்கு நிற வெளி மையும் 100 மில்லி புட்டிகளாக வாங்கிவிடலாம் என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை.

குழாய் வழி பார்க்கக் கவர்ச்சியானது. கார்ட்ரிட்ஜ் மூடியில் துளையிட்டு ரப்பர் முழங்கை பொருத்தி, மெல்லிய குழாயை வெளியே கொண்டுவந்து, பக்கத்தில் நான்கு புட்டிகளை நிறுத்திவிடுவார்கள். மை நிரப்பும் வேலையே இல்லை என்று சொல்லி விற்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. புட்டியில் உள்ள மை மட்டம் ஹெட்டைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கவேண்டும். புட்டியை ஒரு புத்தகத்தின்மேல் தூக்கி வைத்தால் போதும், இரவோடிரவாக மை பிரிண்டருக்குள் இறங்கித் தரைக்கு வரும். மிகத் தாழ்த்தினால் குழாயில் காற்று ஏறும். கார்ட்ரிட்ஜ் ஓடும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குழாயையும் இழுத்துக்கொண்டு ஓடவேண்டும். மடிப்பு விழுந்தால் ஒரு நிறம் நிற்கும். நாள்தோறும் நூறு பக்கம் அச்சிடும் ஜெராக்ஸ் கடைக்காரர், கோளாறானால் அங்கேயே உட்கார்ந்து பார்க்கத் தெரிந்தவர், அவருக்குச் சரி. பத்து நாளுக்கு ஒருமுறை அச்சிடும் வீட்டில், ஹெட் கருகிப்போனால் குழாய் முழுவதையும் கழற்றி வேறு கார்ட்ரிட்ஜில் மறுபடி பொருத்தவேண்டுமே, அதை யார் செய்வது?

ஆனாலும் இந்தக் கைவேலைக்கு ஒரு பெருமை உண்டு. இந்தோனேசியாவில் கடைக்குக் கடை இப்படிக் குழாய் மாட்டி விற்றதைப் பார்த்துத்தான் எப்சன் 2010இல் அங்கே தன் தொட்டி பிரிண்டர்களை முதலில் இறக்கியது. மற்ற நிறுவனங்கள் பின்னால் வந்தன. கடைக்காரர் கைவேலையை நிறுவனம் தத்தெடுத்துக்கொண்டது.

தொட்டி, அதாவது இங்க் டேங்க், மாதம் இருநூறு பக்கத்தைத் தாண்டும் வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எப்சன் 003 கறுப்புப் புட்டி 65 மில்லி. நிறுவனம் சொல்லும் கணக்கு 4,500 பக்கம். எச்பி 680 கறுப்புக் கார்ட்ரிட்ஜுக்கு அதே மாதிரிக் கணக்கு 480. வேறு பேச்சே வேண்டாம். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படாத வேறுபாடு ஒன்று இருக்கிறது. எப்சனின் 003 கறுப்பு, சாய மை. எச்பி, கேனன், பிரதர் தொட்டிகளின் கறுப்பு பெரும்பாலும் பிக்மென்ட், அதாவது நுண்துகள் மை. சாய மை காகிதத்தின் இழைக்குள் ஊறும், ஈரம் பட்டால் பரவும். துகள் மை மேலே படிந்து நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் குடையோடு சித்தூர் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பவரின் விண்ணப்பத்தில் சர்வே எண் கரைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? விண்ணப்ப வேலை அதிகமென்றால் துகள் மைக் கறுப்பு உள்ள தொட்டியே என் தேர்வு. படம், பள்ளிச் செயல்திட்டம், வண்ணம் என்றால் எப்சன்.

ஊசிக்காரர்களும் இதைக் கவனிக்கவேண்டும். எச்பி, கேனன் கறுப்புக் கார்ட்ரிட்ஜில் இருந்தது பெரும்பாலும் துகள் மை. அதில் சாய மையை ஏற்றினால் எழுத்து மங்கலாகப் பிசிறடிக்கும், இரண்டும் கலந்து கெட்டித்தாலும் கெட்டிக்கும். நிற அறைகளில் துகள் மை ஏற்றினால் அடைக்க வாய்ப்பு அதிகம். புட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். எழுதவில்லையென்றால், அச்சான காகிதத்தை ஈர விரலால் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

தொட்டியின் பலவீனம் மறுபடியும் காற்றுதான். எப்சனில் ஹெட் நிலையானது. தை மாதம் முழுக்க அணைத்துப் போட்டால் அடைப்பை நீக்க நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு துப்புரவும் மையைக் குடித்துக் கழிவுப் பஞ்சில் கொட்டும். அந்தப் பஞ்சு நிறைந்ததாகக் கணக்கு வந்தால் பிரிண்டர் வேலையை நிறுத்திவிடும். வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கம் அச்சிட முடியாதவர் தொட்டி வாங்கினால், மிச்சமான காசு துப்புரவில் போகும். அவருக்கு ஊசிதான், அடைத்தால் கார்ட்ரிட்ஜோடு போகட்டும்.

பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ கடையில் கொடுத்து நிரப்புவது நடுவழி. நல்ல கடையில் வெற்றிடத்தில் உறிஞ்சிக் காற்றை எடுத்துவிட்டு மை ஏற்றுவார்கள். வீட்டில் அது முடியாது. ஆனால் எல்லா நிறுவனக் கார்ட்ரிட்ஜுக்கும் ஒரே கேனிலிருந்து ஊற்றும் கடையும் உண்டு. பஸ் கட்டணத்தையும் அரை நாளையும் சேர்த்துக்கொண்டால், எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி போய் நிரப்பி வருவதில் மிச்சம் அதிகமில்லை.

வினாத்தாளும் விண்ணப்பமும் மட்டும்தான், வண்ணமே வேண்டாம் என்பவர் இந்த வரிசையிலேயே நிற்கவேண்டியதில்லை. கறுப்பு லேசர் பிரிண்டர் போதும். டோனர் உலர்ந்த பொடி. கணவாய்க் காற்று எவ்வளவு வீசினாலும் அதற்குக் கவலை இல்லை. மூன்று மாதம் கழித்து ஓட்டினாலும் முதல் பக்கமே தெளிவாக வரும்.

பழைய தொட்டி பிரிண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்குமுன் நாசில் செக் பக்கத்தை, அதாவது ஹெட்டின் துளைகளைச் சோதிக்கும் பக்கத்தை, அங்கேயே அச்சிட்டுப் பார்க்கட்டும். கோடுகள் நான்கு நிறத்திலும் விடுபடாமல் இருக்கவேண்டும். கொண்டுவரும்போது மைப்புட்டி மூடிகளை இறுக்கி, பிரிண்டரைச் சாய்க்காமல் பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொள்வது நல்லது. மடியில் வைத்தால் வேட்டிக்கு உத்தரவாதம் இல்லை.