கக்குவான் இருமல் குழந்தைக்கு ஹியூமிடிஃபையர்: கை நுழையும் தொட்டியா, சத்தம் போடாத மெஷினா என்று பாருங்கள்

கைக்குழந்தையான என் மகளுக்குக் கக்குவான் இருமல் வந்து, ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போய், ஒருவழியாக டிஸ்சார்ஜ் ஆனதும் வாங்கிய கூல் மிஸ்ட் ஹியூமிடிஃபையர் இது, அதாவது தண்ணீரைச் சூடாக்காமல் பனிபோலத் தூவி அறைக் காற்றை ஈரமாக்கும் மெஷின். அல்ட்ராசோனிக் வகை, அதிர்வாலேயே தண்ணீரைப் பனியாக்கும். இருமல் இன்னும் முழுசாக விடாததால் ராத்திரியில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது மருந்து இல்லை. கிருமிக்கு அசித்ரோமைசினை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து முடித்துவிட்டார்கள். ஆனால் கிருமி போன பிறகும், மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் தேறி வர நாளாகும். அதனால்தான் இந்த இருமல் வாரக்கணக்கில் நீள்கிறது, சிலருக்குப் பத்து வாரத்தையும் தாண்டுகிறது. சின்னக் குழந்தைக்கு இருமல் சிரப்பும் கொடுக்கக் கூடாது. வீட்டில் நம்மால் செய்ய முடிவது, புகை தூசி அண்டாமல் பார்ப்பது, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது, காற்றை ஈரமாக வைப்பது, அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வேலையை இந்த மெஷின் நன்றாகவே செய்கிறது. இருமல் தொடங்கினால் மூச்சு இழுக்க இடைவெளியே இல்லாமல் அடுக்கடுக்காக வரும், முகம் கருஞ்சிவப்பாகிவிடும். முடிவில் பிசின் மாதிரி ஒரு சளி இழை உதட்டில் தொங்கும். முன்பு அதைத் துணியால் துடைத்தால் அறுபடாமல் நீண்டுகொண்டே வரும். மெஷின் ஓடும் ராத்திரிகளில் சளி இளகி, ஒரே துடைப்பில் வந்துவிடுகிறது. இருமலின் எண்ணிக்கை குறைந்தது இதனாலா, நோய் தானாக இறங்கியதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது குறைகள். தண்ணீர் தீர்ந்ததும் மெஷின் பீப் பீப் என்று கத்துகிறது. கக்குவான் இருமல் குழந்தைக்குத் திடீர் சத்தம் ஒன்றே போதும், திடுக்கிட்டு அழும், அழுகையே அடுத்த இருமலைக் கிளப்பிவிடும். அதை அணைக்க ஒரு பட்டன்கூட இல்லை. ஸ்பீக்கர் ஓட்டையில் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன். குழந்தை அறைக்கு என்று சொல்லி விற்கிற சாதனத்தில் இப்படி ஒரு அலாரத்தை யார் வைத்தார்கள் என்று எனக்குக் கோபமே வருகிறது.

அடுத்தது தொட்டியின் வாய். என் கை நுழையவில்லை. தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, காயவைக்க வேண்டிய சாமான் இது. விட்டால் மூலையில் வழவழவென்று படிந்துவிடும், அந்த அழுக்கு அப்படியே பனியாகக் கிளம்பி, இப்போதுதான் தேறிவரும் நுரையீரலுக்குள் போகும். கூடவே கொடுத்த பிரஷ் அந்த மூலையை எட்டவே இல்லை. அப்புறம், உப்புத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்து மேசையில் வெள்ளைத் தூள் படிகிறது. அதையும் குழந்தைதான் சுவாசிக்க வேண்டும் என்பதால் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுகிறேன்.

திரையில் காட்டும் ஈரப்பத அளவை நம்ப வேண்டாம். சென்சார் பனி வரும் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தனியாக ஒரு ஈரப்பதமானி வாங்கி, 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வாசனை எண்ணெய்க்கு என்று ஒரு தட்டு இருக்கிறது, அதைத் தொடவே தொடாதீர்கள். சூடான ஆவி விடும் வகையும் வேண்டாம், கொட்டினால் வெந்துவிடும்.

ஒன்று மட்டும். இந்த இருமலின் முடிவில் 'ஊப்' என்ற சத்தத்தோடு மூச்சை இழுப்பார்கள், ஆனால் சின்னக் குழந்தைகள் அப்படி இழுக்காமலே சட்டென்று மூச்சை நிறுத்திவிடுவது உண்டு. மூச்சு நின்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிறுநீர் போவது குறைந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். மேலிருந்து தண்ணீர் ஊற்றி, உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடிகிற மாடல் கிடைத்தால் அதை வாங்குங்கள். பீப் சத்தத்தை அணைக்க முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.