கட்டியின் ஓரத்தை எது காட்டும்: 5-ஏஎல்ஏவா, ஃபுளோரசினா?

கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டியை எடுக்கும்போது நடுப்பகுதியில் யாருக்கும் குழப்பம் வராது. அழுகிய திசுவும் தாறுமாறான ரத்தக்குழாய்களும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சிக்கல் எல்லாம் கடைசிச் சில மில்லிமீட்டரில்தான். அங்கே கட்டியும் மூளையும் வெள்ளை ஒளியில் ஒன்றுபோலவே தெரியும். அந்த ஓரத்துக்காகத்தான் ஒளிரும் மருந்துகளை நாடுகிறோம். பரவலாகப் புழங்குபவை இரண்டு: 5-ஏஎல்ஏ (5-அமினோலெவுலினிக் அமிலம்), ஃபுளோரசின். இரண்டையும் வைத்து அறுவை செய்திருக்கிறேன். இந்தக் கட்டிக்கு என் தேர்வு 5-ஏஎல்ஏ.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். 5-ஏஎல்ஏ குடிக்கும் மருந்து. எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், மயக்கம் கொடுப்பதற்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு. அறுவை தள்ளிப்போனால் இந்தக் கணக்கு இடிக்கும். குடித்த பிறகு ஒன்றிரண்டு நாள் வெயிலும் பளிச்சென்ற விளக்கும் தோலுக்கு ஆகாது. போர்ஃபைரியா என்னும் ரத்த நிறமிக் கோளாறு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. ஃபுளோரசினை ரத்தநாளம் வழியாக ஏற்றுவோம். மயக்கம் கொடுத்த கையோடு கிலோவுக்கு 5 மில்லிகிராம் போதும். சிறுநீர் ஒரு நாள் மஞ்சளாகப் போகும். அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம். விழித்திரையைப் படமெடுக்கக் கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் சாயம் என்பதால் எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. இந்தக் கட்டத்தில் ஃபுளோரசினுக்கே வெற்றி, வாதாட ஒன்றுமில்லை.

நுண்ணோக்கியின் கீழ் வேலை செய்யும் சுகத்திலும் அதுவே முந்தும். உரிய வடிகட்டியைப் போட்டால் கட்டி பசுமஞ்சளாக மின்னும். சுற்றியுள்ள மூளை ஏறக்குறைய இயல்பான நிறத்தில் இருக்கும். அப்படியே வெட்டிக்கொண்டு போகலாம். 5-ஏஎல்ஏவுக்கு நீல ஒளி வேண்டும். நீலத்தில் அறுவைக்களம் இருண்டுவிடும், ரத்தம் கறுப்பாகத் தெரியும். எங்கிருந்து கசிகிறது என்று பார்க்க வெள்ளைக்கு மாறி, அதை அடக்கி, மறுபடி நீலத்துக்கு வர வேண்டும். ரத்தம் மெல்லிய படலமாகப் படிந்தாலே போதும், அடியில் இருக்கும் சிவப்பு மறைந்துவிடும். மென்மையாகக் கழுவிக்கொண்டே இருக்கப் பொறுமை வேண்டும்.

இத்தனை குறை இருந்தும் அதன் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே: அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பது.

5-ஏஎல்ஏ தானாக ஒளிர்வதில்லை. ரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமை உடல் தயாரிக்கும் பாதையில் இயல்பாகவே வரும் பொருள் அது. கட்டிச் செல் அதை உள்வாங்கிப் புரோட்டோபோர்ஃபைரினாக மாற்றும். அதற்கடுத்த படி கட்டிச் செல்களில் மந்தமாக நடப்பதால் அது உள்ளேயே தேங்கிவிடும். 400 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டால் 635 நானோமீட்டர் அளவில் சிவப்பாக ஒளிரும். நாம் காணும் சிவப்பு செல்லுக்குள் உருவானது.

ஃபுளோரசினுக்குச் செல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு உடைந்த இடத்தில் அது கசிகிறது, அவ்வளவுதான். கூரை ஒழுகும் வீட்டில் தரை நனைந்திருக்கும் இடமெல்லாம் ஓட்டைக்கு நேர்கீழே இருப்பதில்லை. அறுவைக் கருவிகளே சிறு குழாய்களைக் காயப்படுத்துகின்றன. அங்கும் சாயம் கசியும். நேரம் ஆக ஆக, வீங்கிய நல்ல மூளைக்குள்ளும் நீரோடு பரவும். மூளையின் மேலுறையில் அந்தத் தடுப்பே கிடையாது என்பதால் அதுவும் மஞ்சளாகவே நிற்கும். வெகுநேரம் வெட்டிய பிறகு குழியின் சுவரில் மங்கலான ஒரு மஞ்சளைப் பார்த்து, இது கட்டியா அல்லது என் கைவேலையா என்று நிற்க நேர்ந்திருக்கிறது. தீர்மானம் தேவைப்படும் இடத்திலேயே சாயம் இரண்டு பொருள்படப் பேசினால் அதன் மலிவு என்ன உதவி?

அதே சுவரை 5-ஏஎல்ஏவில் பார்த்தால் படிநிலை தெரியும். திடமான கட்டி அடர்சிவப்பு. கட்டிச் செல்கள் ஊடுருவிய ஓரம் இளஞ்சிவப்பு. நல்ல மூளை நீலம். அடர்சிவப்பில் சந்தேகம் அரிது. இளஞ்சிவப்பில் நின்று நிதானிப்பேன். பேச்சையோ கையசைவையோ ஆளும் பகுதி அருகில் இருந்தால் மின்தூண்டலால் சோதித்த பிறகே மேற்கொண்டு எடுப்பேன். அந்தத் திசு என்ன வேலை செய்கிறது என்று எந்த நிறமும் சொல்லாது.

சான்றும் இந்தப் பக்கம் கனமாக இருக்கிறது. ஜெர்மனியில் வால்டர் ஸ்டம்மர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனையில், சாய ஊசி போட்டு எடுத்த எம்ஆர்ஐ படத்தில் வெளிச்சமாகத் தெரியும் கட்டிப்பகுதி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் 5-ஏஎல்ஏ தரப்பில் 65 சதவீதம், வெள்ளை ஒளித் தரப்பில் 36 சதவீதம். 6 மாதம்வரை நோய் முற்றாமல் இருந்தவர்கள் 41 சதவீதம், மறுதரப்பில் 21. மொத்த ஆயுளில் மட்டும் உறுதியான வித்தியாசம் காணப்படவில்லை. இதை மறைத்துவிட்டு மருந்தைப் புகழ்வது நேர்மையாகாது. மறுஆண்டே ஐரோப்பாவும் (2007), பத்தாண்டு கழித்து அமெரிக்காவும் (2017) அனுமதித்தன. ஃபுளோரசினோ 1948இலேயே மூளைக்கட்டிக்குப் பயன்பட்ட மூத்த சாயம். வயதுக்கேற்ற எடையுள்ள சான்று அதற்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிவப்பு இல்லையென்றால் கட்டி இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, வீரியம் குறைந்த கிளையோமாக் கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை. முன்பே கதிரியக்கச் சிகிச்சை பெற்ற இடத்தில் அழற்சித் திசுவும் சிவக்கலாம்.

வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுக்கும், ஊசியால் துணுக்கு எடுக்கும் பரிசோதனைக்கும் நான் ஃபுளோரசினையே கேட்பேன். அங்கே ஓரத்தின் நுணுக்கம் அவ்வளவாகத் தேவையில்லை. எடுத்த துணுக்கு மஞ்சளாக மின்னினால் சரியான இடத்தைத் தொட்டோம் என்ற தைரியம் வரும்.

மூன்றாவதாக இண்டோசயனின் பச்சை உண்டு. முந்தைய நாளே ஏற்றி, அண்மை அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கும் முறை. அந்த ஒளி திசுவை இன்னும் ஆழமாகக் கடந்து வரும் என்பது கவர்ச்சிதான். ஆனால் அதுவும் கசிவை நம்பியே நிற்கிறது. பிறர் செய்யப் பார்த்ததோடு என் பழக்கம் முடிந்துவிடுவதால் அதைப் போட்டியில் சேர்க்கவில்லை.