கடற்கரை வீட்டுக்கு எந்த நிலம் (தரை)? உப்புவெளியில் பல வருட அனுபவம்

எங்கள் வீட்டில் மூன்று வகை நிலம் உண்டு. முன் விறாந்தை அப்பா காலத்துச் சிவப்புச் சீமெந்து. ஹோலில் பளபளக்கும் போர்சலின் டைல்ஸ். குசினியிலும் பின் விறாந்தையிலும் சொரசொரப்பு டைல்ஸ்.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பளபளப்பு வேண்டாம். "தேயவே தேயாது" என்று கடையில் சொல்வார்கள். தண்ணீருக்கு அது உண்மையில் நல்ல டைல்ஸ்தான்; நல்ல போர்சலின் 0.5 சதவீதத்துக்கு மேல் ஈரம் உறிஞ்சாது. ஆனால் கடல் மணலில் நிறைய குவார்ட்ஸ் இருக்கிறது. மோஸ் அளவையில் அதன் கடினம் 7, கண்ணாடியையே கீறும். கச்சான் காற்றில் வளவுப் புழுதி, வாடைக் காற்றில் கடற்கரை மணல், பிள்ளைகளின் காலோடு வருவது வருடம் முழுக்க. எங்கள் ஹோலில் வாசலிலிருந்து டிவி வரைக்கும் மங்கலாக ஒரு தடமே விழுந்துவிட்டது. மொப் போட முன் நன்றாகக் கூட்டாவிட்டால், உப்புத்தாள் பிடித்துத் தேய்த்த மாதிரித்தான்.

துடைத்த பிறகும் வெள்ளைப் படலம் தெரிகிறதா? அது கிணற்றுத் தண்ணீரின் உவர். விலை கூடிய கிளீனர் தேவையில்லை. கடைசித் துடைப்பை மட்டும் கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் செய்தால் போதும்.

குளியலறைக் கறைக்கு அசிட் ஊற்றும் பழக்கம் எங்கள் ஊரில் விடாது. கறை போகும்தான், கூடவே டைல்ஸ் இடுக்கிலுள்ள சீமெந்தும் கரையும். அப்புறம் அந்தப் பள்ளத்தில்தான் ஊத்தை தங்கும். அசிட் பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. இடுக்கு ஊத்தைக்கு அப்பச்சோடாவும் பழைய பல் பிரஷும் போதும்.

சிவப்புச் சீமெந்துதான் எனக்குப் பிடித்தது. அந்த நிறம் இரும்பு ஒக்சைட், வெயிலுக்கு வெளிறாது. ஓரத்தில் இரண்டு வெடிப்பு உண்டு, கவலையில்லை. பொலிஷைக் கொஞ்சமாகப் பூசி, பாதித் தேங்காய்ப் பொச்சைக் காலால் அழுத்தித் தேய்த்தால் மினுங்கும். அதிகம் பூசினால் மாரியில் ஈரக்கால் வழுக்கும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கவனம். இப்போது அதை ஒழுங்காகப் போடத் தெரிந்த மேசன் கிடைப்பதுதான் கஷ்டம்.

டைல்ஸ்தான் என்றால் பெட்டியில் R10 அல்லது R11 என்று, வழுக்காத தன்மையைக் காட்டும் குறி இருக்கிறதா பாருங்கள். அதே தொகுதி இலக்கத்தில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள். பிறகு வாங்கினால் நிறம் ஒத்து வராது.