கதவு நிலைக்கு எந்த மரம்: கானாவா, காரைக்குடியா, வேம்பா?

மதுரையில் வீடு கட்டுகிறவர்கள் மரக்கடையில் முதலில் கேட்பது "பர்மா தேக்கு இருக்கா?" என்றுதான். உருட்டுமர ஏற்றுமதியை மியான்மர் (பழைய பர்மா) 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் 'புது பர்மா உருட்டுமர லோடு' என்று யாராவது சொன்னால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

மேற்கே மலை தெரிகிறதே, அங்கே மரம் இல்லையா? இருக்கிறது, வெட்ட முடியாது. காடு வருமானத்துக்கு அல்ல என்று 1988 வனக் கொள்கை சொன்னது. மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டம் இல்லாமல் காட்டு மரத்தில் கைவைக்கக் கூடாது என்று 1996 டிசம்பரில் கோதவர்மன் என்ற வனப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை 2021-இல் புலிகள் காப்பகம் ஆனது. வைகை அந்தப் பக்கத்து மலையில் பிறப்பதால் எனக்கு இதில் வருத்தமில்லை. சரி, நிலைக்கு மரம்?

கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் கானா தேக்கு. அந்த நாடும் காட்டு மரத்தை உருட்டுமரமாக அனுப்ப 1995-இலேயே தடை போட்டுவிட்டது. தோட்டத்தில் வளர்த்த தேக்குதான் கப்பலேறுகிறது. பெரும்பாலும் இளமரம். நடுவே இருக்கும் கெட்டியான வைரம் குறைவு, அதைச் சுற்றியுள்ள வெள்ளை அதிகம். வெள்ளையைக் கரையான் விடாது. எண்ணெய் தடவியபின் எது வெள்ளை என்று நம் கண்ணுக்குத் தெரியாது. அறுக்கும்போதே மில்லில் போய் நிற்பது நல்லது.

கேரளத்து நிலம்பூர் தேக்கு அருமையான மரம்தான், விலை எனக்கு எட்டாது.

காரைக்குடியில் கிடைக்கும் பழைய மரம் வேறு ரகம். செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் தூணும் உத்திரமும் பெரும்பாலும் அசல் பர்மா. காய்ந்து இறுகியது, இனி அவ்வளவாகச் சுருங்காது, முறுக்காது. ஆனால் ஆணித் துளையும் பழைய பொருத்துவாயும் கழித்தால் சேதாரம் அதிகம். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி ரம்பப் பல்லைப் பதம் பார்க்கும் என்பதால் சில மில்காரர்கள் அறுக்கவே தயங்குகிறார்கள்.

வேம்புக்கு இந்த வனச் சட்டத் தலைவலி இல்லை. தோட்டத்து மரம், வரப்பு மரம். கசப்புக்கு அதன் வைரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது. ஈரத்தோடு அடித்தால் வெடிக்கும், நீளமான பலகையும் அரிது. சில மாதம் நிழலில் காயப்போடப் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் அது.

நிலைகளுக்கு வேம்பு, தலைவாசல் கதவுக்கு மட்டும் காரைக்குடித் தேக்கு என்று முடிவெடுத்தேன். "தலைவாசலுக்கு வேம்பு நிலையா?" என்று ஆசாரி இன்னும் முகம் சுளிக்கிறார்.