வந்த முடிவுக்குப் பொருள் சொல்வதா, மறுபடி வாக்கெடுப்பதா?

மதுரை திருநகரில் எங்கள் அடுக்ககத்தில் 42 வீடுகள். லாரித் தண்ணீர் தொடர வேண்டுமா, வேண்டாமா என்று சீட்டெழுதி வாக்கெடுத்தோம். எவர்சில்வர் தூக்குவாளியில் விழுந்த சீட்டுகளைச் சங்கச் செயலாளரான நான்தான் எண்ணினேன். வேண்டாம் 22, வேண்டும் 18. ஒரு சீட்டில் 'வேண்டாம்' என்பதற்குக் கீழே பென்சிலில் 'புது போர்வெல் போடுவதானால்' என்று எழுதியிருந்தது. அதையும் 'வேண்டாம்' கணக்கிலேயே சேர்த்தேன்.

தகராறு அங்கேதான் தொடங்கியது. போர் போடு என்றார்கள் சிலர். மாநகராட்சிக் குழாய் இணைப்புக்கு எழுதிப் போடு என்றார்கள் சிலர். இரு தரப்பும் அந்த 22 சீட்டைத்தான் காட்டின.

செயற்குழுவே பொருள் சொல்லி நடத்திவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், கூட்டச் செலவும் இல்லை. ஆனாலும் நான் மறுவாக்கெடுப்பின் பக்கம் நின்றேன். பிரிட்டனில் 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக 51.9 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். எப்படி விலகுவது என்பது சீட்டில் இல்லை. பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மூன்று முறை தோற்கடித்தது. வெளியேற 2020 ஜனவரி 31 ஆகிவிட்டது.

டென்மார்க் 1992இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை 50.7 சதவீத வாக்கில் நிராகரித்தது. பொது நாணயம், பாதுகாப்பு உள்ளிட்ட நான்கு விஷயங்களில் விலக்கு வாங்கிக்கொண்டு 1993 மே மாதம் மறுபடி மக்களிடம் போனார்கள், 56.7 சதவீதம் பேர் ஏற்றார்கள். எனக்கு இதுதான் தீர்மானமான விஷயம்: இரண்டாவது சீட்டில் புதிதாக என்ன இருக்கிறது? அதே கேள்வியை அப்படியே திரும்பக் கேட்டால், நமக்குப் பிடித்த பதில் வரும்வரை மக்களை அலைக்கழிக்கிறோம் என்றுதான் பொருள். அதற்கு நான் உடன்பட்டிருக்க மாட்டேன். கையில் புதிய ஏற்பாடு இருந்தால் அது வேறு கேள்வி.

ஆகவே விலை விசாரித்து, போர், குழாய், லாரி மூன்றையும் வீட்டுக்கு எவ்வளவு என்ற தொகையோடு சீட்டில் அச்சடித்தோம். தோற்ற லாரியை ஏன் மறுபடி சேர்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். போருக்கு வீட்டுக்கு 18,000 ரூபாய் என்று தெரிந்தபின் ஒருவர் லாரியே போதும் என்று நினைக்கலாம். அந்த உரிமையைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. போர் 23, குழாய் 9, லாரி 6.

இந்த அனுபவத்தை வைத்து ஒரு நாட்டுக்கு வழி சொல்ல நான் துணியவில்லை. முதல் முறை 'வேண்டாம்' போட்ட இரண்டு வீட்டார், எங்கள் வாக்குக்கு மதிப்பில்லையா என்று இரண்டாவது கூட்டத்துக்கு வரவே இல்லை. நேரில் போய்ப் பேசினேன். காபி கொடுத்து உபசரித்தார்கள். போர்ப் பணத்தையும் கட்டிவிட்டார்கள். சங்கக் கூட்டத்துக்கு மட்டும் இன்னும் வருவதில்லை.