300 வின்செஸ்டர் மேக்னமுக்குக் கனமான குண்டு: 180 செம்பா, 200 ஈயமா, 220-ஆ?

மேக்னம் ரைஃபிளுக்குத் தோட்டாவைத் தாங்களே நிரப்பத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "இதில் எத்தனை கிரெய்ன் வரை போகலாம்?" என்றுதான். கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அலகு. எவ்வளவு நீளமான குண்டு வரை போகலாம் என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். 1963-இல் வந்த 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற ரைஃபிள் தோட்டாவில் இது இன்னும் முக்கியம். காரணம் அதன் கழுத்து.

பித்தளைக் கூட்டில் குண்டைப் பிடித்து நிற்கும் கழுத்தின் நீளம் வெறும் 6.7 மில்லிமீட்டர். குண்டின் விட்டமோ 7.82. அதாவது கழுத்து, குண்டின் விட்டத்தைவிடக் குட்டை. பழைய 30-06 தோட்டாவின் கழுத்து கிட்டத்தட்ட 9.7 மில்லிமீட்டர் இருக்கிறது. தோட்டாவின் மொத்த நீளத்துக்கும் வரம்பு உண்டு: 84.8 மில்லிமீட்டர். ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் மேகசின்கள் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். ஆக, குண்டு நீள நீள அது வெளியே போக வழியில்லை. உள்ளே இறங்கி வெடிமருந்தின் இடத்தைத்தான் பிடிக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றையும் பார்க்கலாம்.

முதலில் சக்தி. கடைத் தோட்டாக்களில் வழக்கமாகக் கிடைக்கும் வேகங்களை எடுத்துக்கொண்டால் 180 கிரெய்ன் (11.66 கிராம்) நொடிக்குச் சுமார் 900 மீட்டர், 200 கிரெய்ன் 860, 220 கிரெய்ன் 815. கணக்குப் போட்டால் மூன்றுமே 4,700 முதல் 4,800 ஜூல் வரைதான் தருகின்றன. கனத்தைக் கூட்டினால் அடி கூடும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது. மாறுவது உந்தமும், குறுக்குவெட்டு அடர்த்தியும் (குண்டின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்). 180-க்கு அந்த அடர்த்தி 0.271, 200-க்கு 0.301, 220-க்கு 0.331. இந்த எண் கூடினால், குண்டு ஒரே மாதிரி விரியும் பட்சத்தில், ஆழமாக இறங்கும். ஆனால் அந்தப் 'பட்சத்தில்' என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

1946-இல் ஜான் நாஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய ஒரு மூஸை (பெரிய மான் வகை) சுட்டார். கையில் இருந்தது 300 ஹாலந்து அண்ட் ஹாலந்து மேக்னம் தோட்டா போடும் ரைஃபிள். வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் குண்டு உள்ளே போகாமல் மேலேயே சிதறியது. அதன் பிறகுதான் நடுவில் செம்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டு பிறந்தது. 1948-இல் விற்பனைக்கு வந்தது. முன்பாதி விரியும், பின்பாதி சுவருக்குப் பின்னால் அப்படியே நின்று தள்ளும். கனத்தைக் கூட்டாமலேயே ஆழத்தைக் கூட்டிய வேலை அது. அதனால் கட்டுமானத்தைச் சொல்லாமல் கனத்தை மட்டும் சொல்லி எவராவது ஆலோசனை தந்தால், நான் அதை எடுத்துக்கொள்வதில்லை.

முழுச் செம்புக் குண்டு இதே யோசனையின் அடுத்த படி. ஈயமே இல்லை, உடைய எதுவும் இல்லை, எடையில் பெரும்பகுதி கடைசிவரை மிஞ்சும். இறைச்சியில் ஈயத் துகள் கலக்காது, மிச்சத்தைத் தின்னும் கழுகுகளுக்கும் நஞ்சு சேராது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. எனக்கு இந்தக் காரணம் ஒன்றே அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளப் போதும். சிக்கல் அடர்த்தியில். ஈயம் கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பு 9-க்கும் சற்றுக் குறைவு. அதனால் ஒரே வடிவில் செய்தால் 180 செம்பு, 200 ஈயக் குண்டின் நீளத்தை எட்டிவிடும். அப்புறம் செம்பு விரிய வேகம் வேண்டும். தூரத்தில் வேகம் தளர்ந்த செம்புக் குண்டு ஊசி போல நுழைந்து வெளியேறிவிடும் அபாயம் உண்டு. எனவே செம்பில் கனத்தைத் தேடிப் போவது தலைகீழ் வேலை. 180-ஐத் தாண்ட வேண்டாம். 165-க்கு இறங்கினாலும் இழப்பில்லை.

220-ஐப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மொண்ணை மூக்குக் குண்டாக இருந்தால் நீளம் அடங்கும், அடர்ந்த காட்டில் நூறு மீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும், அதற்கு மேல் வேகம் சரசரவென இறங்கும். கூர்மூக்கு நீளக் குண்டாக இருந்தால் இந்த மேகசினுக்குப் பொருந்தாது.

220 கிரெய்ன் கூர்மூக்குக் குண்டு ஒன்றை மேகசின் நீளத்துக்குள் அடக்க ஒருமுறை நான் முயன்றேன். தோட்டா நிரப்பும் கருவியின் கைப்பிடியை இறக்கும்போதே மருந்து நறநறவென நசுங்கும் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் காலிப்பர் அளவுகருவியில் அளந்தால், தோட்டா முந்தைய இரவைவிட மயிரிழை நீளமாகியிருந்தது. நசுங்கிய மருந்து குண்டை மெல்ல வெளியே தள்ளியிருக்கிறது. அந்தக் குட்டைக் கழுத்தால் பிடித்து நிறுத்த முடியவில்லை. அத்தனையையும் பிரித்துப்போட்டேன்.

அதனால் 300 மீட்டருக்குள் எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குக்கு என் தேர்வு 200 கிரெய்ன்தான்: பார்ட்டிஷன், அல்லது ஈயமும் உறையும் ஒட்டவைக்கப்பட்ட வகை. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற, குழலுக்குள் இருக்கும் வழக்கமான புரிக்கு அது சுலபமாக நிலைப்படும், மெதுவாக எரியும் மருந்துக்கு இடமும் விடும். ஈயம் தடைசெய்யப்பட்ட இடத்திலோ, ஈயமே வேண்டாம் என்று நினைத்தாலோ 180 செம்பு. உதைப்பு தோளைத் தொந்தரவு செய்தாலும் 180-தான். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சுடும் 200-ஐவிட, நிதானமாகச் சுடும் 180 விலங்குக்குச் செய்யும் நியாயம் பெரிது.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். 200 ஈயத்துக்குப் பார்த்துவைத்த மருந்தளவை அதே கனமுள்ள செம்புக்குப் போடக் கூடாது. நீளமும் உராய்வும் வேறு, அழுத்தம் வேறு. அந்தக் குண்டுக்கென்றே அச்சிட்ட தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும். கூட்டின் அடியைச் சுற்றியுள்ள தடித்த வளையமான பெல்ட்டையும் கவனியுங்கள். சேம்பரில், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையில், தோட்டா பெல்ட்டில் தங்குவதால் கூட்டின் தோளுக்கு (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதிக்கு) முன்னால் இடைவெளி விட்டுப்போகும். ஒவ்வொரு வெடிப்பிலும் பெல்ட்டுக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, உட்சுவரை அடியிலிருந்து மேலாக வருடிப் பாருங்கள். ஒரு பள்ளத்தில் நுனி தடுக்கினால் அந்தக் கூடு முடிந்தது. கூட்டின் தோளை அளவுக்கு மேல் பின்தள்ளாமல், கூட்டை மீண்டும் வடிவுக்குக் கொண்டுவரும் அச்சான டையைச் சரிசெய்தால் கூடு நெடுநாள் வரும்.

சரி, 200 போதாது என்று உண்மையிலேயே தோன்றினால்? 300-ஐ வருத்த வேண்டாம். 1958-இல் வந்த 338 வின்செஸ்டர் மேக்னமுக்கும் அதே 84.8 மில்லிமீட்டர் வரம்புதான். அதே நீள மேகசினில் அடங்கும். அதன் 250 கிரெய்ன் குண்டு 8.6 மில்லிமீட்டர் பருமன், குறுக்குவெட்டு அடர்த்தி 0.313. ஒரே கட்டுமானத்தில் அது 300-இன் 220-ஐவிடக் குட்டையாகவே இருக்கும்.