கல்விக் கடனா, நகைக் கடனா?

பிள்ளைக்குப் பொறியியல் இடம் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்டப் பத்து நாள்தான் இருக்கிறது. அப்போது பீரோவில் இருக்கும் ஆரம்தான் முதலில் ஞாபகம் வரும். காலையில் அடகு வைத்தால் மதியம் கையில் பணம். ஆனால் நகைக் கடனுக்குப் பெரும்பாலும் ஒரு வருடக் கெடு. படிப்போ நாலு வருடம். வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் ஏலம். எங்கள் தெரு அக்கா ஒருவர், மகன் மூன்றாம் ஆண்டு முடிப்பதற்குள் மூன்று முறை ரசீதை மாற்றிவிட்டார். கல்யாண வீட்டுக்கெல்லாம் கவரிங்தான்.

கல்விக் கடன் அலைய வைக்கும். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் எல்லாம் கொடுத்த பிறகும் 'அடுத்த வாரம் வாங்க' என்பார்கள். சரி, கிடைத்தால்? வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை, அப்புறம் 15 ஆண்டு வரை அவகாசம். வட்டி மட்டும் பணம் எடுத்த நாளிலிருந்தே ஓடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடுவதால், தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் அவர்களின் சிபில் மதிப்பெண்ணும் அடிவாங்கும்.

என்னைக் கேட்டால், முதல் பருவக் கட்டணத்துக்கு மட்டும் நகை. கல்விக் கடனுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி தளத்தில் உங்கள் விண்ணப்பத்தை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.